பச்சைக் காப்பு

லாரி தானா ஓட ஆரம்பிச்சப்ப, டிரைவருங்க பொழப்பு ஒழிஞ்சுதுன்னுதான் ஊரே பேசுச்சு. ஒழியலீங்க. லாரி தானா ஓடட்டும், ஆனா முன்னால ஒரு ஆள் உக்காந்திருக்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க. ஸ்டீயரிங்கைத் தொட வேண்டியதில்லை, தூங்கினாலும் கேக்க ஆளில்லை. நாமக்கல்லுல ஏறினா கௌஹாத்தி வரைக்கும் சும்மா உக்காந்திருக்கறதுதான் வேலை. சும்மா இருக்கறது எவ்வளவு கஷ்டம்னு சும்மா இருந்து பாத்தவங்களைக் கேட்டாத்தான் தெரியும். வண்டி சார்ஜ் ஏற நிக்கற எடத்துலெல்லாம் எறங்கினாங்க, ராத்திரிக்குத் துணையும் தேடிக்கிட்டாங்க. திரும்பி ஏறறப்ப கூடவே சீக்கும் ஏறி வந்துச்சு.

ஆஸ்பத்திரியில அதுக்கு எழுத்தும் நம்பருமா என்னமோ ஒரு பேரு. எங்க பக்கம் ஊமைச்சீக்குன்னோம். ஆம்பளைக்கு வந்தா வெளிய ஒண்ணுமே காட்டாது. பொம்பளைக்கும் அப்படித்தான். ஆனா அவ வயித்துல புள்ளை இருந்தா அதுக்குப் போயி காதைத் தின்னுரும். பொறக்கற கொழந்தைக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. ஏழாம் மாசத்துக்கு முன்னால கண்டுபுடிச்சா மாத்திரை குடுத்துக் கொழந்தையைக் காப்பாத்திரலாம். தாய்க்கு அந்த மாத்திரை ஆயுசுக்கும்.

நான் மகிழினி. இந்தச் சீக்குக்காக வந்த நடமாடும் ஆஸ்பத்திரி வண்டியை ஓட்டறவ. பேருதான் மகிழினி, மூஞ்சி எப்பவும் கடுகடுன்னு இருக்குதுன்னு லாரிப்பேட்டையில சொல்லுவாங்க. விடிஞ்சா அடைஞ்சா ஆம்பளைங்க சொல்ற பொய்யைக் கேக்கற வேலை, மூஞ்சி வேற எப்படி இருக்கும்? என் வண்டி பழசு, அதுக்குத் தானா ஓடத் தெரியாது. அந்தப் புண்ணியத்துல எனக்குக் கஞ்சி கிடைக்குது.

பக்கத்து சீட்டு டாக்டர் சபுராவோடது. கரூர்ப் பக்கம் பள்ளப்பட்டிக்காரங்க, ராவுத்தர் வீட்டுப் பொண்ணு, அம்பது தாண்டியிருக்கும். சபுர்னா பொறுமைன்னு அர்த்தமாம். அந்தப் பேரை வெச்சவங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும். கேட்ட கேள்வியையே நூறு பேர் கேட்டாலும் நூறாவது ஆளுக்கும் மொத ஆளுக்குச் சொன்ன மாதிரியே சொல்லுவாங்க. எனக்கு மூணாவது ஆள்லயே கொதிச்சுரும்.

வளையம் அவங்க கண்டுபுடிச்சது. ஆம்பளையோட முன்தோலுக்கு உள்பக்கம் மெதுவா, ஈரமா இருக்கும், கிருமி பெரும்பாலும் அது வழியாத்தான் நுழையுது, அந்தத் தோலை எடுத்துட்டா வாசல் சுருங்கிரும்னு சொல்லுவாங்க. அது எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதிதான். ஆனா எந்த லாரிக்காரன் கத்திக்குக் காட்டுவான்? டாக்டர் பண்ணின வளையத்துல கத்தியும் இல்ல, ரத்தமும் இல்ல. மாட்டிவிட்டா ஒரு வாரத்துல தோல் வலிக்காமக் காஞ்சு, வளையத்தோடவே கழண்டு வந்துரும். வண்டியை ஓரமா நிறுத்திட்டு டீ குடிக்கற நேரத்துல மாட்டிட்டுப் போயிரலாம்.

மொத நாள் ஒருத்தரும் பக்கத்துல வரல. மதம் மாத்தற வேலையான்னு ஒருத்தர் முறைச்சார். டாக்டர் கோவிச்சுக்கல. எங்க ஊர்ல இதுக்கு மார்க்கக் கல்யாணம்னே பேருங்க, பையனுக்குப் புதுத்துணி உடுத்தி மாலை போட்டுக் குதிரை மேல ஏத்தி ஊர்வலம் கூட்டிட்டு வருவோம், ஊருக்கே நெய்ச்சோறு, உங்ககிட்ட குதிரைக்குப் பதிலா லாரி இருக்குது, சோறு மட்டும் என்னால முடியாது, டீயும் பன்னும் தர்றேன்னாங்க. பேட்டையே சிரிச்சுது. சிரிச்சு முடிக்கறதுக்குள்ள வரிசை சேந்துருச்சு. வரிசையில மொத ஆள் எங்க வீட்டு மாப்பிள்ளை கவினேஷ்.

கவினேஷ் என் தங்கச்சி நறுமுகை புருஷன். ஆள் கெட்டவன் இல்லீங்க. வீட்டுக்கு வந்தா பாத்திரம் கழுவுவான், அவ காலைப் புடிச்சு விடுவான். ரோட்டுல ஏறிட்டா மட்டும் வேற ஆள். அதை நான் கண்ணால பாக்கல, காதால கேட்டிருக்கேன். தங்கச்சிகிட்டச் சொல்ல வாய் வரல. அம்மா அப்பா இல்லாம நாந்தான் அவளை வளத்தினேன். அவ சிரிச்சுட்டு இருந்தா எனக்குப் போதும்னு இருந்துட்டேன்.

வளையம் மாட்டற ஒவ்வொருத்தர்கிட்டயும் டாக்டர் மூணு விஷயம் சொல்லுவாங்க. புண்ணு ஆறி முடிய ஒரு மண்டலம் ஆகும், அதுவரைக்கும் தள்ளிப் படுக்கணும். வர்ற நூறுல அறுபதைத்தான் இது தடுக்கும், மிச்ச நாப்பது வரும். அதனால உறை போடறதை விடவே கூடாது. எல்லாரும் தலையைத் தலையை ஆட்டுவாங்க. பூம்பூம் மாடு தோத்துப் போகணும்.

திட்டத்துக்கு நல்ல தமிழ்ப் பேரா ஒண்ணு வேணும்னு மேல இருந்து கேட்டாங்க. டாக்டர் யோசிச்சுட்டு, காப்புன்னு வைக்கலாம்னாங்க. பாதுகாப்புங்கற அர்த்தத்துல சொன்னாங்க. மேல இருக்கறவங்களுக்குப் பேரு ரொம்பப் புடிச்சுப் போச்சு. பேருக்கு ஏத்த மாதிரி கையில ஒரு காப்பையே மாட்டிரலாம்னு கெளம்பிட்டாங்க. புண்ணு ஆறி டாக்டர் சரின்னதும் அந்தக் காப்புல பச்சை வெளக்கு எரியும். 'எல்லை தாண்டினாலும் கூட வரும் காப்பு'ன்னு ரோடெல்லாம் போர்டு வெச்சாங்க.

அங்கதான் தப்பாயிடுச்சுங்க. எங்க பக்கம் காப்புன்னா அது வேற. மாரியம்மன் நோம்பிக்கு மஞ்சக் கயித்துல காப்புக் கட்டிக்கிட்டவன் குண்டம் எறங்கினா நெருப்பு சுடாது. கங்கு மேல நடந்து வந்து பாதத்தைக் காட்டுவான், ஒரு கொப்புளம் இருக்காது. லாரிக்காரனுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை கிடையாது. காப்புக் கட்டினா ஊர் எல்லை தாண்டக் கூடாதே, தாண்டாம அவன் எப்படிப் பொழைக்கறது? வருஷா வருஷம் ஓரமா நின்னு வேடிக்கை பாத்தவன் கையில, எல்லை தாண்டற காப்பை சர்க்காரே மாட்டிவிட்டா விடுவானா? பச்சை எரிஞ்ச அன்னைக்கே உறையைத் தூக்கி எறிஞ்சுட்டாங்க. நான் வண்டியிலிருந்து சத்தம் போட்டா, நமக்குத்தான் காப்பு இருக்குதே அக்கா, நெருப்பே சுடாதுங்கறேன்னு மணிக்கட்டை ஆட்டிக் காட்டுவானுங்க.

ஆனா ஒண்ணைச் சொல்லணும், வளையம் வேலை செஞ்சுது. அந்த வருஷம் ஆம்பளைங்க கணக்குல சீக்கு பாதிக்கு மேல கொறஞ்சுது. டாக்டருக்குப் பொன்னாடை போத்தினாங்க. அந்தப் பொன்னாடையை வண்டி சீட்டுல விரிச்சுப் போட்டு, உனக்கு இடுப்பு வலின்னு சொன்னியே மகி, இதுல உக்காருன்னாங்க. இப்படிப்பட்ட மனுஷியை எங்க போயித் தேடறது?

ஒரு நாள் பரமத்திப் பக்கத்துலருந்து ஒரு பொண்ணு கைக்கொழந்தையோட வண்டிக்கு வந்துச்சு. தனக்குச் சளி, மாத்திரை வேணும்னுச்சு. லாரிப்பேட்டை சத்தம் உங்களுக்குத் தெரியுமில்ல, வண்டி தானா ஓடினாலும் ஏர்ஹார்னை மட்டும் நம்மாளுங்க விடல. அத்தனை சத்தத்துலயும் அந்தக் கொழந்தை அசையாமத் தூங்குச்சு. டாக்டர் மருந்து எடுக்கறதை விட்டுட்டு அதையே பாத்துட்டு நின்னாங்க. அந்தப் பொண்ணு பெருமையாச் சொல்லுச்சு, சமத்துங்க, இடி விழுந்தாலும் முழிக்காதுன்னு.

மாசமா இருக்கறப்ப உனக்கு ஊமைச்சீக்கு டெஸ்ட் எடுக்கலையாம்மான்னு டாக்டர் கேட்டாங்க. அவருக்குப் பச்சை எரியுதுங்களே, அப்புறம் எனக்கு எதுக்குன்னு அது சாதாரணமாக் கேட்டுச்சு. அப்பத்தான் எங்களுக்கே தெரியும். பச்சைக் காப்புக்காரர் சம்சாரத்துக்கு அந்த டெஸ்ட் தேவையில்லைன்னு மேல உத்தரவு போட்டு மாசக்கணக்காச்சு. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.

டாக்டர் அன்னைக்கே ஆபீசுக்குப் போனாங்க. பச்சைங்கறது வளையம் மாட்டினதுக்கு அடையாளம், சீக்கு இல்லைங்கறதுக்கு இல்லைன்னு சொன்னாங்க. அந்த நாப்பதுல ஒருத்தனுக்கு வந்துட்டா அவன் பொண்டாட்டிக்கு வளையம் ஒரு மண்ணும் செய்யாதுன்னு சொன்னாங்க. வருஷ அறிக்கை வரட்டும், அதுவரைக்கும் நல்லாப் போயிட்டு இருக்கற திட்டத்துல கை வைக்க வேண்டாம்னு பதில் வந்துச்சு. மறுபடியும் போனாங்க. மறுபடியும் அதே பதில்.

இதெல்லாம் நடக்கறப்ப நறுமுகை அஞ்சு மாசம் முழுகாம இருந்தா.

நான் அவ வீட்டுக்கு ஓடினேன். பக்குவமாப் பேசணும்னு நெனச்சுப் போயி, எனக்குத் தெரிஞ்ச பக்குவத்துல பேசினேன். வந்து டெஸ்ட் எடுடி, இல்லைன்னா கட்டித் தூக்கிட்டுப் போவேன்னேன். அவ கொய்யாப்பழம் நறுக்கிட்டு இருந்தா. தலையைத் தூக்காமச் சொன்னா.

"டெஸ்ட் எடுத்தா அவரை நம்பலைன்னு ஆயிரும்க்கா. பச்சை எரியற ஆளையே நம்பலைன்னா நான் வேற யாரை நம்பறது?"

ரோட்டுல கேட்டதைச் சொல்ல வாயெடுத்தேன். அவ வயித்துமேல கைய வெச்சுட்டு, உதைக்குதுக்கான்னு சிரிச்சா. வாயெடுத்தவ கொய்யாப்பழத்தைத் தின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன். ஏதாவது சாக்கு சொல்லி ரத்தம் எடுத்துப் பாத்துரலாமான்னு டாக்டரைக் கேட்டேன். அவங்க என்னை ஒரு பார்வை பாத்தாங்க. அவ ரத்தம் அவளோடது மகி, திருடிப் பாக்கறதுக்கு நான் டாக்டராகலைன்னாங்க. வந்த கோவத்துல அன்னைக்குப் பூரா அவங்ககிட்டப் பேசல.

இன்னும் கொஞ்ச நாள் போச்சு. நறுமுகைக்கு ஆறு மாசம் ஆச்சு. எனக்குச் சோறு எறங்கல, வண்டியை ரெண்டு எடத்துல முட்டினேன். ஒரு காலையில டாக்டர், வா ஒரு டீ குடிக்கலாம்னு பேட்டைக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. டீயை ஆத்திக்கிட்டே, அந்தப் பச்சை வெளக்கு எல்லாத்துக்கும் சாவி எங்கிட்ட இருக்குது தெரியுமான்னாங்க. இத்தனை ஆயிரம் காப்பும் அவங்க போன்ல இருக்கற ஒரு பட்டனுக்குத்தான் கட்டுப்பட்டதாம்.

"அணைச்சா என்னாகும் டாக்டரம்மா?"

"என் வேலை போகும்."

"அணைக்கலைன்னா?"

அவங்க டம்ளரை வெச்சுட்டுப் போனை எடுத்து, பாஸ்வேர்டு போட்டு, ஒரு தடவை அமுக்கினாங்க. அவ்வளவுதான். எதுத்தாப்புல பரோட்டா தின்னுட்டு இருந்தவன் கையில பச்சை போச்சு. லாரி மேல தார்ப்பாய் கட்டிட்டு இருந்தவன் கையில போச்சு. பேட்டை முழுக்க ஆளாளுக்கு மணிக்கட்டைத் தட்டித் தட்டிப் பாத்தாங்க. அப்புறம் எல்லாரும் எங்க வண்டியைப் பாத்து நடக்க ஆரம்பிச்சாங்க.

டாக்டர் வண்டிப் படியில ஏறி நின்னாங்க. நான் பின்னால ஜாக்கி ராடைப் புடிச்சுட்டு நின்னேன், எதுக்கும் இருக்கட்டும்னு. கூட்டத்துல முன்னால கவினேஷ். அன்னைக்குக் காலையிலதான் கௌஹாத்தி லோடு முடிச்சு வந்திருந்தான், இன்னும் வீட்டுக்குப் போகல. என்னங்க டாக்டரம்மா இது, வெளக்கு அணைஞ்ச கையோட வீட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி என்னை என்னன்னு நெனப்பான்னு கத்தினான். கூடவே நாலு பேர் கத்தினாங்க. டாக்டர் எல்லாரும் கத்தி முடிக்கற வரைக்கும் நின்னாங்க. அப்புறம் கேட்டாங்க.

"காப்புக் கட்டினவனுக்கு நெருப்பு சுடாதுன்னு சொல்றீங்களே. ஏன் சுடாது?"

ஆத்தா பாத்துக்குவான்னு ஒருத்தர் சொன்னார்.

"எப்படிப்பட்டவனை ஆத்தா பாத்துக்குவா? நான் வேற ஊருக்காரி, எனக்குத் தெரியாது. காப்புக் கட்டினவன் என்னென்ன செய்யக் கூடாதுன்னு சொல்லுங்க."

கவுச்சி சாப்பிடக் கூடாதுன்னாங்க. குடிக்கக் கூடாதுன்னாங்க. ஊர் எல்லை தாண்டிப் போயித் தங்கக் கூடாதுன்னாங்க. ஓரமா நின்ன ஒரு நரைச்ச மீசைக்காரர், பொண்டாட்டி பக்கத்துலயே படுக்கக் கூடாதுங்க, அடுத்த பொம்பளை பேச்சே கெடையாதுன்னார். சொல்லி முடிச்சதும் தன் காப்பைச் சட்டைக் கைக்குள்ள இழுத்து விட்டுக்கிட்டார்.

"நான் உங்க கையில கயித்தை மட்டும் கட்டிவிட்டுட்டேன். நோம்பியை, அந்த விரதத்தைச் சொல்லாம விட்டுட்டேன்," டாக்டர் சொன்னாங்க. "காப்புன்னு பேரு வெச்சது நாந்தான். உங்க ஊர்ல அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என்னோடது. வளையம் பொய்யில்ல. அது மழைக்குக் குடை மாதிரி. தலை நனையாது, கால் நனையும். ஆனா அது ஒத்தை ஆள் குடை. பக்கத்துல நடந்து வர்றவங்க முழுசா நனைவாங்க. உங்க வீட்டுல யாராவது வயித்துப் புள்ளையோட இருக்காங்களா?"

நான் கவினேஷைப் பாத்தேன். அவன் என்னைப் பாக்கல. அணைஞ்சு போன காப்பைப் பாத்துட்டு நின்னான். அப்புறம் ஆளுங்களை வெலக்கிட்டு வந்து, படியில ஏறி, சட்டைக் கையை மடிச்சு வெச்சுட்டு உக்காந்தான். அவனுக்குப் பின்னால நரைச்ச மீசைக்காரர் வந்தார். அதுக்குப் பின்னால வரிசை.

கவினேஷுக்குச் சீக்கு இருந்துச்சு. நூறுல நாப்பதுன்னா அது யாரோன்னுதானே நெனப்போம்? அவன் என் கையைப் புடிச்சு, அக்கா நீங்க போயி அவகிட்டச் சொல்லிருங்கன்னு அழுதான். ஜாக்கி ராடு இன்னும் என் கையிலதான் இருந்துச்சு, ஓங்காம இருந்ததே பெருசு. டாக்டர் மெதுவாத்தான் சொன்னாங்க, நீங்களே போயிச் சொல்லணும் தம்பி, இன்னைக்கே சொல்லணும்னு.

வீட்டுல என்ன பேசிக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் இல்ல. சாயங்காலம் நறுமுகை வண்டிக்கு வந்தா. அவ முன்னால நடந்து வந்தா, அவன் நாலடி தள்ளி வந்தான். அவ அழல. கையை நீட்டி, எடுத்துக்கங்க டாக்டரம்மான்னா. அவளுக்கும் இருந்துச்சு. அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சோம். கொழந்தைக்குப் போயிருக்குமா போகலையான்னு பொறந்தாத்தான் தெரியும்னு டாக்டர் ஒளிக்காமச் சொன்னாங்க. நறுமுகை சரிங்கன்னா. அதைக் கேட்டு அழுதவ நாந்தான்.

டாக்டருக்கு மறுநாளே வேலை நீக்க உத்தரவு வந்துச்சு, அனுமதியில்லாமத் திட்டத்தைக் கெடுத்ததா. பையை எடுத்துட்டுப் பள்ளப்பட்டி பஸ் ஏறினாங்க. நான் கத்தினேன், மேல இருக்கறவங்களை வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவங்க பொன்னாடையை மடிச்சு என் சீட்டுல சரியாப் போட்டு, இடுப்பைப் பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனாங்க. டெஸ்ட் வேண்டாங்கற உத்தரவை அந்த வாரமே சத்தமில்லாமத் திரும்ப வாங்கிட்டாங்க. பச்சையையும் மறுபடி எரிய வெச்சாங்க. ஆனா அது எரிய ஒரு கை வேணுமில்ல? பேட்டையில பாதிப்பேர் கழட்டிக் கடாசியிருந்தாங்க.

கவினேஷ் மாரியம்மன் கோயிலுக்குப் போயி மஞ்சக் கயித்துல காப்புக் கட்டிட்டு வந்தான். அப்ப நோம்பியும் இல்ல ஒண்ணும் இல்ல, பூசாரி யோசிச்சாராம். கொழந்தை பொறந்து காது கேக்குதுன்னு தெரியற வரைக்கும் கட்டிக்கறேன்னு சொன்னானாம். கட்டினவன் எல்லை தாண்டலீங்க. லாரியை விட்டுட்டு பாடி கட்டற பட்டறையில வெல்டிங் வேலைக்குச் சேந்தான். ராத்திரி ஆனா ஆசாரத்துல, வீட்டு முன்கூடத்துல, தனியாப் பாய் போட்டுப் படுத்துக்குவான். அவனைப் பாத்துட்டு இன்னும் நாலஞ்சு பேர் கட்டினாங்க. அப்புறம் பேட்டையில நெறையக் கையில மஞ்சக் கயிறு தெரிஞ்சுது. வெளியூர் லோடு போறவங்களும் கட்டினாங்க, எல்லை விஷயத்துல மட்டும் ஆத்தா மன்னிக்கட்டும்னு. வளையத்துக்கு வரிசையும் கொறையல, உறைப் பெட்டியும் காலியாச்சு. அடுத்த வருஷம் பொம்பளைங்க கணக்கு எறங்குச்சு. பச்சை எரியற கை கொறஞ்சதால திட்டம் தோல்வின்னு அறிக்கை எழுதினாங்க. சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

அந்த அறிக்கைக்கெல்லாம் முன்னாலயே, ஏழாம் மாசம் நறுமுகைக்கு வளைகாப்புப் போட்டோம். டாக்டர் பள்ளப்பட்டியிலிருந்து பஸ்ல வந்தாங்க, ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையலோட. ஒவ்வொண்ணா அவ கையில ஏத்திவிட்டாங்க. இந்தப் பச்சை எரியாது, சத்தம் மட்டும்தான் போடும், உள்ள இருக்கறவங்க கேக்கட்டும்னாங்க. நறுமுகை ரெண்டு கையையும் வயித்துக்கிட்ட வெச்சுக் குலுக்கினா. கவினேஷ் வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தான்.

பொண்ணு பொறந்துச்சு. ரத்தத்துல சீக்கு இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க, காதுக்கும் மெஷின் வெச்சுப் பாத்துக் கேக்குதுன்னாங்க. எனக்கு மெஷின் மேல நம்பிக்கை போயி ரொம்ப நாளாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு டாக்டரும் வந்திருந்தாங்க. கொழந்தை தொட்டில்ல தூங்கிட்டு இருந்துச்சு. நான் யாருகிட்டயும் சொல்லாம வெளிய போயி, என் வண்டியில ஏறி, ஹார்னை ஒரே அமுக்கா அமுக்கினேன்.

உள்ள வீல்னு ஒரு சத்தம். ஓடிப்போயிப் பாத்தா, கையும் காலும் உதறிட்டு, மூஞ்சி செவசெவன்னு ஊரைக் கூட்டிட்டு அழுகுது. அந்த அழுகையைக் கேட்டு டாக்டர் சபுரா செவுத்துல சாஞ்சுட்டாங்க, முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. வேலை போனப்பக் கலங்காத மனுஷி. நான் போயி அவங்களைக் கட்டிப் புடிச்சுட்டேன், எனக்கு வேற ஒண்ணும் தெரியல.

கவினேஷ் கொழந்தையைப் பாத்தான், அப்புறம் நறுமுகைக்கு முன்னால போயி மண்டி போட்டான். மஞ்சக் கயிறு கட்டின கையை நீட்டினான். வேண்டுதல் நெறவேறிடுச்சு, காப்பை நீயே அவுத்துவிடுன்னு சொன்னான். கயிறு நைஞ்சு, அழுக்கேறி, பட்டறைப் பொறி பட்டு ரெண்டு எடத்துல கருகியிருந்துச்சு.

நறுமுகை அந்தக் கையைத் தன் மடியில வெச்சுக்கிட்டா. அவளோட ராத்திரி மாத்திரை டப்பா பக்கத்துலயே இருந்துச்சு. கத்திரி கேட்டா, நான் எடுத்துக் குடுத்தேன். கயித்தை அறுத்தா. அவன் கண்ணைத் தொடச்சுட்டு எந்திரிக்கப் பாத்தான். அவ கையை விடல. தலகாணிக்கு அடியிலிருந்து ஒரு புது மஞ்சக் கயிறு எடுத்தா. எப்ப வாங்கி வெச்சாளோ தெரியல, மஞ்சள் ஈரம்கூடக் காயல. அதை அவன் மணிக்கட்டுல சுத்தி, பொறுமையா மூணு முடிச்சுப் போட்டா.

"உங்க வேண்டுதல் முடிஞ்சுதுங்க," அவ சொன்னா. "எனக்கு இன்னும் நோம்பி முடியல."

அவன் சரின்னு தலையாட்டினான். கொழந்தை இன்னும் அழுதுட்டு இருந்துச்சு, அவன்தான் போயித் தொட்டிலை ஆட்டினான்.